வாடகை வருமானத்திற்காக முதல் வீட்டை வாங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வாடகைக்கு விடுவதற்காக வீடு வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் விலையை விசாரிக்கிறார்கள். அடுத்ததாக அந்த விலை எவ்வளவு ஏறும் என்று விசாரிக்கிறார்கள். இவ்விரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எல்லாச் செலவுகளும் போக, வீடு பூட்டிக் கிடக்கும் மாதங்களும் போக, ஆண்டு முடிவில் இந்த வீடு என் கையில் எவ்வளவு விட்டுவைக்கும்? எந்த வீட்டை வாங்குவது, எவ்வளவு கடன் வாங்குவது, யாரைக் குடிவைப்பது, எப்போது விற்பது என்று பின்னால் வரும் முடிவுகள் எல்லாமே இந்த ஒரு கேள்விக்கு நேர்மையாகச் சொல்லப்படும் பதிலைச் சார்ந்தே நிற்கின்றன. ஆகவே இந்த வழிகாட்டியில் கணக்குப் போடும் பகுதிக்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

முதல் படி: வீட்டைத் தேடுவதற்கு முன் உங்கள் நிதிநிலையைப் பாருங்கள்

கடன் அட்டை நிலுவை, தனிநபர் கடன் போன்ற அதிக வட்டிக் கடன்கள் இருந்தால் முதலில் அவற்றை அடைத்துவிடுங்கள். அந்த வட்டியை மிஞ்சும் அளவுக்கு வருமானம் தரக்கூடிய வாடகை வீடு மிக அரிது. அடுத்து, உங்கள் குடும்பத்தின் ஆறு மாதச் செலவுக்கான தொகை தனியாக இருக்க வேண்டும். வீடு வாங்குவதற்கான முன்பணத்துடன் அதைச் சேர்த்து எண்ணக் கூடாது. வேலை போன மாதமும் குடியிருப்பவர் காலி செய்த மாதமும் ஒன்றாகவே வந்து சேரலாம். பொருளாதாரம் தளரும் காலத்தில் இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருப்பதால் இது அபூர்வமான நிகழ்வும் இல்லை.

பணத்தைப் போலவே காலத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பங்கையோ வைப்புத்தொகையையோ சில நாட்களில் பணமாக்கிவிடலாம். வீட்டை விற்க மாதக்கணக்கில் ஆகும். வாங்கும்போதும் விற்கும்போதும் வரியும் கட்டணமும் கட்ட வேண்டியிருப்பதால், இரண்டு மூன்று ஆண்டுகளில் விற்க நேர்ந்தால் கைநட்டமே மிஞ்சக்கூடும். குறைந்தது ஏழு முதல் பத்து ஆண்டுகள் வரை அந்தப் பணம் வேறெதற்கும் தேவைப்படாது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தவர்களே அடுத்த படிக்குச் செல்வது நல்லது.

இரண்டாம் படி: உண்மையான வருமானத்தைக் கணக்கிடுங்கள்

எந்த நாட்டுப் பணத்திற்கும் பொருந்தும்படி, வீட்டின் விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். பதிவுக் கட்டணம், வரிகள், தரகு, வழக்கறிஞர் கட்டணம், ஆள் குடிவருவதற்கு முன் செய்ய வேண்டிய பழுதுவேலை ஆகியவற்றுக்கு மேலும் 10 பங்கு ஆகிறது என்று கொண்டால், உண்மையில் அந்த வீட்டில் நீங்கள் போடும் முதல் 110 பங்கு ஆகும். ஆண்டு வாடகை 6 பங்கு எனக் கொள்வோம். விற்பவர் இதைப் பார்த்து ஆறு சதவீத வருமானம் என்று சொல்வார். ஆனால் நீங்கள் போட்ட 110 பங்கின் மீது கணக்கிட்டால் செலவுகளைக் கழிப்பதற்கு முன்பே அது 5.45 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது.

இனிச் செலவுகளைக் கழிக்க வேண்டும். ஒருவர் காலி செய்து அடுத்தவர் வரும் வரை வீடு பூட்டிக் கிடக்கும் என்பதால், ஆண்டுக்கு ஒரு மாத வாடகையைக் கழித்துவிடுவது பாதுகாப்பானது, அது 0.5 பங்கு. ஒரு மாதம் என்பது கேட்கச் சிறிதாக இருந்தாலும் ஆண்டு வாடகையில் அது 8.3 சதவீதம். பராமரிப்புக்கும் பழுதுகளுக்கும் வீட்டின் மதிப்பில் ஆண்டுக்கு ஒரு சதவீதம் ஒதுக்குவது பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் தோராய அளவு; அது 1 பங்கு. பழைய வீடானால் இது போதாது. சொத்துவரி, காப்பீடு, அடுக்குமாடியாக இருந்தால் பொதுப் பராமரிப்புக் கட்டணத்தில் உரிமையாளர் பங்கு எல்லாம் சேர்த்து 0.6 பங்கு என்று வைப்போம். வீட்டை மேற்பார்வை செய்ய ஒருவரை அமர்த்தி, வசூலாகும் வாடகையில் எட்டு சதவீதம் கொடுத்தால் 0.44 பங்கு. நீங்களே பார்த்துக்கொள்வதாக இருந்தாலும் இந்தத் தொகையைக் கணக்கில் எழுதுங்கள் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் உழைப்பை இலவசமாக எண்ணிப் போடும் கணக்கு வீட்டின் வருமானத்தை உயர்த்திக் காட்டும். நீங்கள் நோயுற்றாலோ ஊர் மாறினாலோ அந்தச் செலவு அன்றே வந்து நிற்கும்.

இவ்வளவும் கழித்தால் மிஞ்சுவது 3.46 பங்கு. போட்ட 110 பங்கின் மீது அது ஏறத்தாழ 3.15 சதவீதம். ஆறு என்று விளம்பரத்தில் படித்த எண் இப்படிப் பாதியளவுக்கு வந்து நிற்பதைப் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டியதில்லை. பாதுகாப்பான வைப்புத்தொகையில் கிடைக்கும் வட்டியுடன் ஒப்பிட வேண்டியது இந்த எண்ணைத்தான் என்பதை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வைப்புத்தொகை வட்டி இதைவிட அதிகமாக இருக்கும் இடத்தில் வீடு வாங்குபவர், விலையேற்றத்தையும் வாடகை உயர்வையும் நம்பி வாங்குகிறார். அந்த நம்பிக்கை பலிக்கலாம். ஆனால் தான் எதை நம்பி வாங்குகிறோம் என்பது வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாத வாடகை வீட்டின் விலையில் ஒரு சதவீதமாவது இருக்க வேண்டும் என்றும், வாடகையில் பாதி செலவாகிவிடும் என்றும் சில எளிய விதிகளை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அமெரிக்க முதலீட்டாளர்களிடையே பரவிய இவ்விதிகள், நூறு வீடுகளில் எவற்றைக் கூர்ந்து பார்க்கலாம் என்று முதல் சுற்றில் வடிகட்டுவதற்கு மட்டுமே உதவும். ஒரு சதவீத விதியை நிறைவேற்றும் வீடே இல்லாத நகரங்கள் உலகெங்கும் ஏராளம். அதை நிறைவேற்றும் வீடுகளிலும் சில, வாடகை வசூலாவதே கடினமான இடங்களில் இருப்பதால்தான் மலிவாகக் கிடைக்கின்றன.

கணக்கில் இடும் வாடகை எண் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். விற்பவர் சொல்லும் வாடகையையோ விளம்பரங்களில் கேட்கப்படும் வாடகையையோ எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே தெருவில், அதே அளவுள்ள வீடுகளில் இப்போது குடியிருப்பவர்கள் உண்மையில் கொடுக்கும் வாடகையை நான்கைந்து இடங்களிலாவது விசாரித்து, அவற்றில் குறைவான பக்கம் இருக்கும் எண்ணை எழுதுங்கள்.

மூன்றாம் படி: கடனின் அளவை வாடகையே தீர்மானிக்கட்டும்

வங்கி எவ்வளவு கடன் கொடுக்கும் என்பது ஒரு கேள்வி. அந்த வீடு எவ்வளவு கடனைத் தாங்கும் என்பது வேறொரு கேள்வி. மேலே சொன்ன அதே வீட்டை 70 பங்கு கடனில், 8 சதவீத வட்டியில், 20 ஆண்டுத் தவணையில் வாங்கினால் ஆண்டுக்குக் கட்ட வேண்டிய தவணை 7.03 பங்கு. வீடு தருவதோ 3.46 பங்கு. மீதி 3.57 பங்கை ஆண்டுதோறும் உங்கள் சம்பளத்திலிருந்து எடுத்துக் கட்டுவீர்கள். அப்படிக் கட்டவும் சிலருக்கு வசதி இருக்கலாம். ஆனால் அந்த நிலையில் வீடு உங்களுக்கு வருமானம் தருவதில்லை. வீட்டுக்கு நீங்கள்தான் வருமானம் தருகிறீர்கள்.

கடன் கொடுப்பவர்கள் வணிகச் சொத்துகளை மதிப்பிடும்போது, செலவு போக மிஞ்சும் வருமானம் தவணையைப் போல் 1.2 முதல் 1.25 மடங்காவது இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது வழக்கம். முதல் வீட்டை வாங்குபவரும் இந்த அளவுகோலைத் தமக்குத் தாமே வைத்துக்கொள்வது நல்லது. 1.25 மடங்கு என்று வைத்தால், நம் எடுத்துக்காட்டில் வீடு தாங்கும் கடன் 27 பங்கோடு நின்றுவிடுகிறது. 30 பங்கு வாங்கினால் தவணை 3.01 ஆகி, கொஞ்சம் மிஞ்சுவதுபோல் தெரியும். ஆனால் மாறும் வட்டிக் கடனில் வட்டி 10 சதவீதத்துக்கு ஏறினால் தவணை 3.47 ஆகிவிடும், மிச்சம் என்று எதுவும் இருக்காது. வட்டி இரண்டு புள்ளி ஏறியபோது தவணை சுமார் 15 சதவீதம் உயர்ந்திருப்பதைக் கவனியுங்கள். மாறும் வட்டியில் கடன் வாங்குகிறவர்கள் இப்படி இரண்டு புள்ளி கூட்டியும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்த பின்னரே கையெழுத்திட வேண்டும்.

தவணை முறையில் இன்னொன்றையும் அறிந்திருப்பது அவசியம். 8 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனின் முதல் மாதத் தவணையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு வட்டிக்கே போய்விடும். பத்து ஆண்டுகள் தவறாமல் கட்டிய பிறகும் அசலில் 69 சதவீதம் நிலுவையில் இருக்கும். பாதிக் காலம் ஆகிவிட்டதால் பாதிக் கடன் தீர்ந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு விற்கப் போகிறவர்களுக்கு இது பெரிய ஏமாற்றமாக அமையும். முன்கூட்டியே அசலில் ஒரு பகுதியைக் கட்ட முடியுமா, அதற்கு அபராதம் உண்டா என்பதைக் கடன் ஒப்பந்தத்தில் படித்துப் பாருங்கள்.

நான்காம் படி: யார் குடிவருவார் என்பதிலிருந்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

நீங்கள் வாழ ஆசைப்படும் வீட்டைத் தேடாதீர்கள். அங்கே வாழப்போகிறவர் வேறொருவர். அவருடைய வேலை, பிள்ளைகளின் பள்ளி, போக்குவரத்து, மருத்துவ வசதி ஆகியவையே அந்த வீட்டின் வாடகையைத் தீர்மானிக்கின்றன. ஒரே ஒரு தொழிற்சாலையையோ ஒரே ஒரு கல்லூரியையோ நம்பியிருக்கும் பகுதியில் வாடகை நன்றாகத் தோன்றும். அந்த நிறுவனம் இடம் மாறினால் தெரு முழுவதும் ஒரே நாளில் காலியாகும். பலவகையான வேலைவாய்ப்புகள் உள்ள பகுதியில் வாடகை சற்றுக் குறைவாக இருந்தாலும் அதையே முதல் வீட்டுக்கு நான் பரிந்துரைப்பேன்.

அந்தப் பகுதிக்குப் பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, முடிந்தால் மழை நாளில் ஒருமுறை சென்று பாருங்கள். எத்தனை வீடுகளில் வாடகைக்கு என்ற பலகை தொங்குகிறது, அவை எத்தனை நாட்களாகத் தொங்குகின்றன என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். அருகில் நூற்றுக்கணக்கான புதிய குடியிருப்புகள் எழும்பிக்கொண்டிருந்தால், அவை முடிவடையும் ஆண்டில் உங்கள் வாடகை அழுத்தத்துக்கு உள்ளாகும். மேலும், முதல் வீடு நீங்கள் வசிக்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருப்பது நல்லது. தொலைவிலிருந்து நிர்வகிக்கும் திறமை அனுபவத்தின் பின்னரே வரும்.

ஐந்தாம் படி: கட்டடத்தையும் ஆவணங்களையும் சோதியுங்கள்

கட்டடப் பொறியாளர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்து வீட்டைச் சோதித்து எழுத்துமூலம் அறிக்கை வாங்குவது, வாங்கும் செலவுகளிலேயே மிகவும் பயனுள்ள செலவு. அவரை அழைப்பதற்கு முன் நீங்களே பார்க்கக்கூடியவையும் உண்டு. குளியலறைக்குக் கீழே உள்ள கூரையில் நீர்க்கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சுவரில் மட்டும் புதிதாக வண்ணம் பூசியிருந்தால், அது எதை மறைக்கிறது என்று கேளுங்கள். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு நீரின் வேகத்தையும், கழிவுநீர் தேங்காமல் இறங்குகிறதா என்பதையும் கவனியுங்கள். கூரை, மின்கம்பிகள், குழாய்கள், நீர்சூடாக்கி, மின்தூக்கி ஆகியவை எந்த ஆண்டில் போடப்பட்டவை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஐந்து ஆண்டுகளில் மாற்ற வேண்டியவற்றின் செலவை விலைபேசும்போது எடுத்துச் சொல்ல அந்தப் பட்டியலே போதுமானது. அடுக்குமாடியாக இருந்தால் குடியிருப்போர் சங்கத்தின் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். பெரும் பழுதுகளுக்கான சேமிப்பு இல்லாத சங்கம், கூரை ஒழுகும் ஆண்டில் எல்லா உரிமையாளர்களிடமும் ஒரே தவணையில் பெருந்தொகை கேட்கும்.

ஆவணங்களில் விற்பவரின் உரிமைத் தொடர்ச்சி, அடமானம் அல்லது வேறு வில்லங்கம், கட்டட அனுமதி, வரி நிலுவை, வாடகைக்கு விடத் தடை ஏதும் உண்டா என்பவற்றை விற்பவரோடும் தரகரோடும் தொடர்பில்லாத வழக்கறிஞர் ஒருவர் பார்க்க வேண்டும். ஏற்கெனவே ஆள் குடியிருக்கும் வீடானால், அவருடைய ஒப்பந்தத்தையும் வாடகை வரவையும் முன்பணத்தொகை யாரிடம் இருக்கிறது என்பதையும் எழுத்தில் பெறுங்கள். பல சட்டங்களின்படி புதிய உரிமையாளர் பழைய ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவராகவே வீட்டை வாங்குகிறார்.

ஆறாம் படி: விலையைக் கணக்கிலிருந்து பேசுங்கள்

இரண்டாம் படியில் போட்ட கணக்கை, உங்களுக்கு வேண்டிய வருமானச் சதவீதத்திலிருந்து தொடங்கித் தலைகீழாகப் போட்டால், இந்த வாடகைக்கு எந்த விலை வரை கொடுக்கலாம் என்பது தெரிந்துவிடும். அந்த எண்ணைப் பேச்சுவார்த்தைக்குப் போகுமுன் தாளில் எழுதி வைத்துவிட்டு, அதைத் தாண்டும்போது எழுந்து வந்துவிடுங்கள். வேறொருவர் வாங்கப்போகிறார் என்ற அவசரம் உங்கள் கணக்கில் ஒரு பைசாவையும் கூட்டுவதில்லை.

ஏழாம் படி: வாடகையை நிர்ணயித்து, ஆளைத் தேர்ந்து, ஒப்பந்தம் எழுதுங்கள்

சந்தை வாடகையைவிட ஐந்து சதவீதம் கூடுதலாகக் கேட்டு, அதனால் வீடு ஒரு மாதம் கூடுதலாகப் பூட்டிக் கிடந்தால், இழந்த ஒரு மாத வாடகையை ஈடுகட்ட அந்தக் கூடுதல் தொகைக்கு இருபது மாதங்கள் ஆகும். அதற்குள் குடியிருப்பவர் காலி செய்துவிட்டால் அந்த இழப்பு திரும்புவதே இல்லை. எனவே சந்தை அளவில் அல்லது அதைவிடச் சற்றுக் குறைவாக வைத்து, விண்ணப்பிப்பவர்களில் நல்லவரைத் தேர்ந்தெடுக்கும் வசதியைப் பெறுவதே சிறந்தது.

விண்ணப்பிப்பவரின் வருமானம் வாடகையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது பரவலான அளவுகோல். அவருடைய வேலையை உறுதிசெய்யுங்கள். அடையாள ஆவணங்களைப் பாருங்கள். முந்தைய வீட்டு உரிமையாளரிடம் பேசுங்கள். இப்போதைய உரிமையாளரைவிட அதற்கு முந்தையவரின் சொல்லுக்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் தொல்லை தருபவரை அனுப்பிவிட விரும்பும் உரிமையாளர் நல்ல சான்றே கொடுப்பார். எல்லா விண்ணப்பதாரர்களிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். மதம், சாதி, இனம், குடும்பநிலை ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டு மறுப்பது அநீதி. பல நாடுகளில் அது சட்டவிரோதமும்கூட. குறித்த நாளில் வாடகை கொடுத்து வீட்டைச் சீராக வைத்திருக்கும் இயல்புக்கும் இவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

உறவினரோ நண்பரோ ஆனாலும் எழுத்துமூலமான ஒப்பந்தம் வேண்டும். வாடகைத் தொகை, செலுத்தும் நாள், தாமதமானால் என்ன செய்வது, முன்பணம் எந்தெந்தக் காரணங்களுக்காகக் கழிக்கப்படும், எந்தப் பழுதை யார் சரிசெய்வது, காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு, வாடகை உயர்வு எப்போது, எவ்வளவு என்பவை தெளிவாக எழுதப்பட வேண்டும். சாவியைக் கொடுக்கும் நாளில் இருவரும் சேர்ந்து ஒவ்வொரு அறையாகச் சென்று தேதியுடன் படமெடுத்து, பொருட்களின் நிலையைப் பட்டியலிட்டுக் கையெழுத்திட்டால், முன்பணத்தைத் திருப்பித் தரும்போது எழும் சச்சரவுகளில் பெரும்பகுதி எழாமலே போகும்.

எட்டாம் படி: வீட்டை நடத்துங்கள்

வாங்கிய பிறகு தொடங்கும் இந்தப் படிதான் எல்லாவற்றிலும் நீண்டது. வாடகைக் கணக்குக்கெனத் தனி வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்து, வாடகையும் செலவும் தவணையும் அதன் வழியாகவே செல்லும்படி செய்யுங்கள். மூன்று முதல் ஆறு மாதங்களுக்கான தவணையும் செலவும் அந்தக் கணக்கில் எப்போதும் இருக்க வேண்டும். பராமரிப்புக்கு ஒதுக்கிய ஒரு சதவீதத்தை, செலவே வராத ஆண்டிலும் எடுத்துத் தனியாக வையுங்கள். செலவு வராத ஆண்டுகள் சேர்ந்துதான் கூரையை மாற்றும் ஆண்டாகின்றன.

பழுது பற்றிய புகார் வந்தால் அன்றே பதில் சொல்லுங்கள். நீர்க்கசிவு, மின்கோளாறு, கதவுப்பூட்டு ஆகிய மூன்றும் காத்திருக்கக் கூடாதவை. சிறு கசிவைப் புறக்கணித்தால் சுவரும் மரவேலைப்பாடும் சேர்ந்து கெடும். அதோடு, வாடகையை ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டிருந்த நல்ல குடியிருப்பாளரும் வேறு வீடு பார்க்கத் தொடங்குவார். அவர் போனால் வண்ணப்பூச்சு, தரகு, பூட்டிக் கிடக்கும் காலம் எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் இரண்டு மாத வாடகையை விழுங்கிவிடும். அந்த வீடு சட்டப்படி உங்களுடையதாக இருந்தாலும் அங்கே நடப்பது அவருடைய குடும்ப வாழ்க்கை என்பதால், முன்னறிவிப்பின்றி உள்ளே செல்லக் கூடாது. வாடகை தவறினாலும் நீரையோ மின்சாரத்தையோ துண்டிப்பதும் பூட்டை மாற்றுவதும் பல நாடுகளில் சட்டவிரோதம். முதல் தாமதத்திலேயே மரியாதையுடன் எழுத்தில் நினைவூட்டுங்கள். தீராவிட்டால் ஒப்பந்தமும் சட்டமும் காட்டும் வழியில் செல்லுங்கள்.

காப்பீட்டில் ஒரு நுட்பம் உண்டு. உரிமையாளரே வசிக்கும் வீட்டுக்கான காப்பீடு, வாடகைக்கு விட்ட வீட்டுக்குச் செல்லாமல் போகலாம். வாடகைக்கு விடுவதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவித்து, தீ, வெள்ளம் போன்றவற்றால் வாடகை நின்றுபோகும் காலத்துக்கும் ஈடு கிடைக்குமா என்று கேளுங்கள்.

வரியில், கடன் வட்டியையும் அசலையும் பிரித்துக் காட்டும் ஆண்டு அறிக்கையை வங்கியிடம் பெறுங்கள். பல நாடுகளில் வட்டிக்குக் கழிவு உண்டு. அசலைச் செலவாகக் காட்ட முடியாது. அதேபோல், உடைந்ததைச் சரிசெய்வது அந்த ஆண்டின் செலவாகவும், புதிதாகச் சேர்ப்பது சொத்தின் அடக்கவிலையுடன் கூட்டப்படுவதாகவும் பொதுவாகக் கருதப்படுகிறது. இரண்டாம் வகை ரசீதுகள் விற்கும் ஆண்டில் இலாபவரியைக் குறைக்க உதவும் என்பதால், எத்தனை ஆண்டுகள் ஆனாலும் அவற்றைத் தூக்கி எறியாதீர்கள்.

ஒன்பதாம் படி: ஆண்டுக்கொருமுறை மீண்டும் கணக்குப் போடுங்கள்

ஒவ்வோர் ஆண்டு முடிவிலும், வாங்குமுன் போட்ட கணக்கை உண்மையான எண்களைக் கொண்டு மறுபடி எழுதுங்கள். இம்முறை போட்ட முதலுக்குப் பதிலாக, வீட்டை இன்று விற்று, கடனும் வரியும் கட்டிய பின் கையில் கிடைக்கக்கூடிய தொகையை எடுத்துக்கொண்டு, வட்டி உட்பட எல்லாச் செலவும் போக மிஞ்சியது அதில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். விலை இரட்டித்து வாடகை சிறிதளவே உயர்ந்த வீட்டில் இந்தச் சதவீதம் மிகக் குறைந்திருக்கும். அப்போது விற்பதா, வைத்திருப்பதா என்று யோசிக்க உங்களிடம் எண் ஒன்று இருக்கும். இரண்டாவது வீட்டைப் பற்றி, முதல் வீட்டில் குறைந்தது ஒரு குடியிருப்பாளர் மாறி, ஒரு பெரிய பழுது வந்து, இரண்டு ஆண்டு வரிக்கணக்கு முடிந்த பிறகு யோசிக்கலாம். அதுவரை மிஞ்சும் வாடகையைச் செலவழிக்காமல் அந்தத் தனிக்கணக்கிலேயே விட்டுவையுங்கள்.